வாயைக் கட்டி

மேல்வரிசையில் இரண்டாவது பல்
மூன்றாவதன் தோளில் ஏறி நின்றது,
நெரிசலில் படகு ஏறுகிறவன் மாதிரி.
அது என் அப்பாவின் பல்.
என் வாயில் ஒரு தலைமுறை தங்கிவிட்டு
தாய்னாராவிடம் குடிபோயிருக்கிறது,
வாடகை தராமல்.

பெலேமில் நேரம் சொல்ல இரண்டே வழி:
மழைக்கு முன், மழைக்குப் பின்.
மழைக்குப் பின் வாருங்கள் என்றார் மருத்துவர் நயாரா.
போனோம்.
இருபத்தெட்டுத் தவணைச் சீட்டு தைத்த
சின்னப் புத்தகம் ஒன்று தந்தார்கள்.
எங்கள் வீட்டில் எல்லாரும்
கடைசிப் பக்கம் வரை படித்த ஒரே புத்தகம்.

கிளிப்பின் வளையத்துக்கு நிறம் கேட்டார்கள்.
கருநீலம் சொல், நம் அணி, என்று காதில் ஓதினேன்.
வெளிர்நீலம் என்றாள் மகள்.
என் காசில்,
என் அப்பாவின் பல்லில்
எதிரணிக் கொடி.

முதல் இரவு அழுதாள்.
ஜுசி மெழுகை உருட்டிக்
கன்னத்தைக் குத்திய கம்பி முனையில் அப்பினாள்.
ஒழுகும் எஞ்சினுக்கு நான் சோப்பு அப்புவேனே,
அதே கை.

ஃப்ரிட்ஜ் கதவில் பட்டியல் தொங்கியது.
ஐஸ்கட்டி கூடாது. கொட்டை கூடாது.
ஃபரீன்யா கூடாது.
வெளியூர்க்காரருக்கு இது விளங்காது.
அசாயிக் கூழில்
கல் கல்லாய்க் கிடக்கும் மரவள்ளிப் பொரிமாவு
கடைவாயில் நொறுங்கினால்தான்
இங்கே மத்தியானம் முடிந்ததாக அர்த்தம்.

மூன்றாம் மாதம் ஒரு சாயங்காலம்
சூப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஜுசி
வாயே திறக்கவில்லை.
என்ன செய்தேன் என்று யோசித்தேன்.
நேற்று, முந்தாநாள்,
மறந்துபோன கல்யாண நாள்.
அப்புறம் சிரித்தாள்.
நாற்பத்தொரு வயதில்
வாய் நிறையக் கம்பி.
வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி
பன்னிரண்டு வருஷம் முன்பணம் சேர்த்தாளாம்.
இப்போது நிஜமாகவே வாயைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

கல்யாணப் படத்தில் அவள் உதடு மூடியிருக்கும்.
அதை நான் வெட்கம் என்றே நினைத்திருந்தேன்,
இத்தனை வருஷமும்.

ரயானுக்கு ஆறு வயது.
சாக்லேட் தாளைப் பல்லில் ஒட்டிக்கொண்டு
சாப்பிட வந்தான்.
வெறும் வாய் நான் ஒருத்தன்தான்.
நான் மென்றால் மேசையே திரும்பிப் பார்த்தது.
ஒரு வாரம் கிண்ணத்தோடு படகுத்துறைக்குப் போய்
இருட்டில் உட்கார்ந்து
திருடன் மாதிரி நொறுக்கினேன்.
பிறகு நானும் ஊறவைத்தேன்.
சொதசொத.
நன்றாகத்தான் இருக்கிறது என்றேன்.
யாரும் நம்பவில்லை.

ஒரு முத்தத்தில் என் கீழுதடு கிழிந்தது.
துறையில் கேட்டவர்களிடம்
ஸ்பானர் வழுக்கிவிட்டது என்றேன்.

மகளுக்குக் கழற்றியாயிற்று.
நாக்கால் தடவித் தடவிப் பார்க்கிறாள்,
நனைந்த சோப்பு மாதிரி இருக்கிறதாம்.
சிரிக்கும்போது மட்டும்
கை பழையபடி வாயை மூடப் போகிறது.
கைக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.
அப்பாவின் பல்லைத் தேடினேன்.
வரிசையில் ஒழுங்காக நிற்கிறது போலும்,
அடையாளம் தெரியவில்லை.

நேற்று ராத்திரி பதினொரு மணி.
கழற்றித் தட்டோரம் வைத்த ரிட்டெய்னர்
கைதுடைக்கும் தாளில் சுருண்டு
குப்பையோடு போய்விட்டது.
தெருமுனையில் நாங்கள் நாலு பேரும்,
மூன்று பைகளும், ஒரு நாயும்.
மீன்முள், காப்பிச் சக்கை,
யார் வீட்டு டயப்பரோ.
ரயான் டார்ச் பிடிக்கிறான்,
தேவையில்லாத இடத்தில் எல்லாம்.
இதுவா அப்பா?
அது இறால் ஓடு.
இதுவா?
முழங்கை வரை குப்பைக்குள் விட்டபடி
ஜுசி சிரிக்கத் தொடங்குகிறாள், நிறுத்த முடியாமல்.
டார்ச் வெளிச்சம் அவள் வாய்க்குத் திரும்புகிறது,
எல்லாம் மின்னுகிறது.

அவளுக்கு இன்னும் பத்துச் சீட்டு பாக்கி.